சட்டம் இயற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி இதுதான்: "சட்டமன்றம் சட்டம் இயற்றும், அரசு அதைச் செயல்படுத்தும், நீதிமன்றம் அதற்கு விளக்கம் சொல்லும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியென்றால் 234 உறுப்பினர்கள் கொண்ட அவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் எப்படி மாதக்கணக்கில் வைத்திருக்க முடிகிறது? நீதிமன்றம் எப்படி அதை ரத்து செய்கிறது? உண்மையில் சட்டம் இயற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? சட்டமன்றத்தில் போடும் தீர்மானமும் சட்டம்தானா?"

நல்ல கேள்வி. பள்ளியில் படித்தது தவறில்லை, ஆனால் அது பாதிதான். ஒரு மசோதா சட்டமாகி நடைமுறைக்கு வருவதற்குள் அமைச்சரவை, பேரவை, ஆளுநர், சில சமயம் குடியரசுத் தலைவர், கடைசியில் நீதிமன்றம் என்று பல கைகள் அதைத் தொடுகின்றன. யார் என்ன செய்யலாம் என்பதை அரசமைப்புச் சட்டம் ஓரளவு தெளிவாகவே சொல்கிறது. எவ்வளவு நாளில் செய்ய வேண்டும் என்பதில்தான் பல இடங்களில் மௌனமாக இருக்கிறது. என் கருத்தில் நம் ஊரில் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி அந்த மௌனத்தில் இருந்து வருகிறது. மசோதாவைக் காத்திருக்க வைக்க யாரால் முடியுமோ, சட்டம் இயற்றும் அதிகாரத்தில் பெரிய பங்கு அவர் கைக்குப் போய்விடுகிறது.

இதைப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம். 2020இல் தொடங்கி இன்றுவரை அது போகாத இடமில்லை.

முதலில் அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். இந்தியாவில் மூன்று துறைகளும் தனித்தனி அறைகளில் பூட்டி வைக்கப்படவில்லை. அமெரிக்காவில் அதிபரும் அவருடைய அமைச்சர்களும் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருக்க முடியாது. இங்கே நேர்மாறு: அமைச்சர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் 6 மாதத்துக்குள் ஆக வேண்டும். பேரவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் அமைச்சரவை. அதாவது பேரவைக்குள் இருந்தே அரசு பிறக்கிறது. இன்னொரு பக்கம், அரசமைப்பின் பிரிவு 168ஐப் படித்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். மாநிலச் சட்டமன்றம் என்பது ஆளுநரும் பேரவையும் சேர்ந்தது என்கிறது அது. ஆளுநர் ஒரு நாள்கூட ஓட்டுப் போடுவதில்லை, ஆனாலும் சட்டமன்றத்தின் ஓர் அங்கம். நாடாளுமன்றம் என்றால் குடியரசுத் தலைவரும் இரண்டு அவைகளும் என்று பிரிவு 79 சொல்வதும் இதே முறைதான்.

சரி, கதைக்கு வருவோம்.

ஆன்லைனில் ரம்மி, போக்கர் ஆடிப் பணத்தை இழந்தவர்கள், கடனில் சிக்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்த நேரத்தில், 2020 நவம்பரில் அன்றைய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2021 தொடக்கத்தில் அது பேரவையில் நிறைவேறிச் சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஏன்? சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதற்கு அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைப் பார்க்க வேண்டும். அதில் மூன்று பட்டியல்கள்: மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனம். அப்படியானால் பிரச்சினையே இல்லையே என்று தோன்றும். ஆனால் சூதாட்டம் என்றால் அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுவது. திறமையால் ஆடும் ஆட்டம் அதில் அடங்காது என்பது நீதிமன்றங்கள் நெடுநாளாக எடுத்துவரும் நிலை. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொல்லியிருக்கிறது. 2021 சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல், பணம் வைத்து ஆடும் எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுத்தது. தொழில் செய்யும் உரிமையை அது அளவுக்கு மீறிப் பறிக்கிறது என்று நீதிமன்றம் கருதியது. அதேசமயம், அரசமைப்புக்கு உட்பட்டு வேறு சட்டம் கொண்டுவரத் தடையில்லை என்றும் சொன்னது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். நீதிமன்றம் சட்டத்தை எழுதவில்லை. எல்லை எங்கே என்று காட்டிவிட்டு, பந்தைத் திரும்பச் சட்டமன்றத்திடம் போட்டது. சட்டமன்றமும் அந்தத் தீர்ப்பை "செல்லாது" என்று ஒரு வரியில் தள்ள முடியாது. குறையைச் சரிசெய்து புதிய சட்டம் கொண்டுவரலாம், அவ்வளவுதான். காவிரி விவகாரத்தில் இது நமக்கு நேரடியாகத் தெரிந்த பாடம். 1991 ஜூனில் நடுவர் மன்றம் 205 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதை ஒன்றுமில்லாமல் ஆக்கக் கர்நாடகம் ஜூலையில் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பரில் அந்த அவசரச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தன் வழக்குக்குத் தானே தீர்ப்பு எழுத எந்தச் சட்டமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

ஆட்சி மாறிய பிறகு, 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழு போடப்பட்டு, அதன் அறிக்கையின் அடிப்படையில் புதிய அவசரச் சட்டம் தயாரானது. செப்டம்பர் கடைசியில் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அக்டோபர் தொடக்கத்தில் ஆளுநர் ஆர்.என். ரவி கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்துக்குச் சில நாட்கள்தான் ஆயின என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரச் சட்டம் என்பது நிர்வாகத்தின் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் சட்டம் இயற்றும் அதிகாரம். பேரவை கூட்டத்தில் இல்லாதபோது, உடனடித் தேவை இருந்தால், பிரிவு 213இன் கீழ் ஆளுநர் அதைப் பிறப்பிக்கலாம். நடைமுறையில் முடிவெடுப்பது அமைச்சரவை. பேரவை மீண்டும் கூடிய நாளில் இருந்து 6 வாரம்தான் அதற்கு ஆயுள்; அதற்குள் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிச் சட்டமாக்க வேண்டும். இந்த 6 வாரக் கட்டுப்பாட்டைப் பீகார் அரசு ஒருகாலத்தில் எப்படிக் கையாண்டது என்பது 1986இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. 1967க்கும் 1981க்கும் இடையில் 256 அவசரச் சட்டங்கள். காலாவதியாகும் நேரத்தில் அதையே மறுபடி பிறப்பித்து, சிலவற்றை 14 ஆண்டுகள் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். பேரவையைக் கேட்காமலேயே ஒரு மாநிலம் ஓட்டப்பட்டது. டி.சி. வாத்வா என்ற ஆய்வாளர் இதைத் தோண்டியெடுத்து வழக்குப் போட்டார். இது அரசமைப்பை ஏய்ப்பது என்று நீதிமன்றம் கண்டித்தது. ஓர் ஆய்வாளரின் பொறுமைக்கு ஜனநாயகம் கடன்பட்டிருக்கிறது என்றே சொல்வேன்.

தமிழ்நாட்டுப் பேரவை 2022 அக்டோபர் 17 அன்று கூடியது; 19 அன்று ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதா நிறைவேறியது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் எல்லோரும் ஆளுநரைப் பற்றித்தான் பேசுகிறோம். பேரவை தன் வேலையை எப்படிச் செய்கிறது என்று கேட்பதே இல்லை.

மசோதாவுக்கு அதிகாரப்பூர்வமான பெயர் சட்டமுன்வடிவு. துறையில் வரைவு தயாராகும், சட்டத்துறை சரிபார்க்கும், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், அமைச்சர் பேரவையில் அறிமுகம் செய்வார். அப்புறம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிவு, பிரிவு பிரிவாகப் பரிசீலனை, திருத்தம் இருந்தால் அதன்மீது ஓட்டு, கடைசியாக நிறைவேற்றம். விதிப்படி இது பல கட்டம். நடப்பதைப் பார்த்தால், கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் வரிசையாகப் பல மசோதாக்கள் வந்து குரல் வாக்கெடுப்பில் நிமிடக்கணக்கில் நிறைவேறுகின்றன. உறுப்பினர்கள் சிலர் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, பாதிக்கப்படுகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, வரி வரியாகத் திருத்துவது மிக அரிது. இரு பெரிய கட்சிகளின் ஆட்சியிலும் இதே பழக்கம்தான். 1986 நவம்பர் 1 முதல் மேலவையும் இல்லை என்பதால் இரண்டாம் முறை படித்துப் பார்க்க இன்னோர் அவையும் கிடையாது.

உறுப்பினர் நினைத்தாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்பது அடுத்த சிக்கல். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா இடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். விலைபோகும் உறுப்பினர்களைத் தடுக்க வந்த சட்டம் அது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்சி கவிழும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும், ஒரு சாதாரண மசோதாவின் ஏழாவது பிரிவில் ஒரு திருத்தத்துக்கும் ஒரே கட்டுப்பாட்டைப் போட்டதில், உறுப்பினர் தன் தொகுதி சார்பாகச் சிந்தித்து ஓட்டுப் போடும் வாய்ப்பே போய்விட்டது. தனி உறுப்பினர் மசோதாக்களின் கதையும் இதையே சொல்கிறது. அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவந்து நாடாளுமன்றத்தில் சட்டமானவை விடுதலைக்குப் பிறகு மொத்தம் 14. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். 2015 ஏப்ரலில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது ஒரு பெரிய நிகழ்வாகப் பேசப்பட்டது. மக்களவையில் அது நிறைவேறவில்லை.

ஆகவே சட்டம் இயற்றும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இருக்கிறது என்று சொன்னாலும், என்ன சட்டம், எப்போது, எந்த வடிவில் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அமைச்சரவை. பேரவையின் உண்மையான பிடி பணத்தில் இருக்கிறது. துறைகளின் செலவுக் கோரிக்கைகளையும் ஒதுக்கீட்டு மசோதாவையும் பேரவை ஏற்காமல் அரசு தன் செலவுகளைச் செய்ய முடியாது. வரி, செலவு போன்றவை மட்டுமே அடங்கிய பண மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பவும் முடியாது.

இப்போது ஆளுநர். அக்டோபர் 19 அன்று நிறைவேறிய மசோதா ராஜ்பவனுக்குப் போனது. பிரிவு 200இன்படி அவருக்கு முன் உள்ள வழிகள்: ஒப்புதல் தருவது, ஒப்புதலை நிறுத்தி வைப்பது, குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்புவது. இதோடு ஒரு நிபந்தனைப் பகுதி இருக்கிறது. பண மசோதா அல்லாத ஒன்றை, மறுபரிசீலனை செய்யச் சொல்லி, கூடிய விரைவில் பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம். பேரவை அதைத் திருத்தியோ திருத்தாமலோ மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது. கடைசிச் சொல் பேரவையுடையது என்பது இதன் பொருள்.

நடந்தது இது. இதே ஆளுநர் சில நாட்களில் கையெழுத்திட்ட அவசரச் சட்டத்தின் உள்ளடக்கம்தான் மசோதாவிலும் இருந்தது. ஆனால் மசோதா கிடப்பில் கிடந்தது. நவம்பர் பிற்பகுதியில் ஆளுநர் விளக்கம் கேட்டார். அரசு உடனே பதில் அனுப்பியது. அந்த மாதக் கடைசியில் 6 வாரம் முடிந்து அவசரச் சட்டம் காலாவதியானது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு மறுபடி தடை இல்லாமல் போனது. 2023 மார்ச் தொடக்கத்தில், இப்படிச் சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி மசோதா திரும்பி வந்தது. மார்ச் 23 அன்று பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. ஏப்ரல் முதல் வாரத்தில், ஆளுநர் ஒப்புதலை நிறுத்தி வைத்தார் என்றால் மசோதா செத்துவிட்டது என்று பொருள் என ஆளுநர் ஒரு கூட்டத்தில் பேசியது பெரிய சர்ச்சையானது. ஏப்ரல் 10 அன்று, மசோதாக்களுக்கு ஒப்புதல் தரக் காலக்கெடு வேண்டும் என்று பேரவை தீர்மானம் போட்டது. அதே நாளில் சூதாட்டத் தடை மசோதாவுக்கு ஒப்புதல் கிடைத்த செய்தியும் வந்தது.

முதல் நிறைவேற்றத்தில் இருந்து கிட்டத்தட்ட 6 மாதம். மசோதாவில் சட்டச் சிக்கல் இருப்பதாக ஆளுநர் நினைத்திருந்தால் அதை அக்டோபரிலேயே எழுதித் திருப்பி அனுப்பியிருக்கலாம்; அதற்கு அரசமைப்பு வழி கொடுத்திருக்கிறது. குடும்பங்கள் சீரழிந்துகொண்டிருந்த விஷயத்தில் அந்த நாலரை மாதத் தாமதத்துக்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

இந்தத் தாமதத்துக்கு இடம் எப்படி வந்தது என்று அரசமைப்பு நிர்ணய சபை விவாதத்தில் தேடினால் கிடைக்கிறது. குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய வரைவில் 6 வாரத்துக்குள் என்று கெடு இருந்தது. 1949 மே மாதம் அம்பேத்கர் அதை எடுத்துவிட்டு, கூடிய விரைவில் என்று மாற்றும் திருத்தத்தை முன்மொழிந்தார். சபை உறுப்பினர் எச்.வி. காமத் அதை எதிர்த்துப் பேசினார். கெடு இல்லாவிட்டால் காலவரம்பே இல்லாமல் போகும் என்பது அவர் கவலை. திருத்தம் ஏற்கப்பட்டது. ஆளுநருக்கான பிரிவிலும் அதே சொற்கள்தான் இடம்பெற்றன. அன்று அவையில் இருந்தவர்கள், மரபை மதிக்கும் மனிதர்கள்தான் அந்த நாற்காலிகளில் உட்காருவார்கள் என்று நம்பினார்கள் போலும். பிரிட்டனில் 1708க்குப் பிறகு மன்னர் எந்த மசோதாவுக்கும் ஒப்புதல் மறுத்ததில்லை. அந்த மரபு அவர்கள் கண்முன் இருந்தது. அமெரிக்க அரசமைப்பு மரபை நம்பவில்லை. காங்கிரஸ் கூட்டத்தில் இருக்கும்போது, ஞாயிறு நீங்கலாக 10 நாளுக்குள் அதிபர் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் இருந்தால் மசோதா தானாகச் சட்டமாகிவிடும் என்று எழுதி வைத்துவிட்டது.

நம் நாட்டில் இந்தக் கெடு விவகாரம் இரண்டு பெரிய தீர்ப்புகளாகவும் ஒரு கருத்துரையாகவும் வந்தது. 2023 நவம்பர் 10 அன்று, பஞ்சாப் அரசு அந்த மாநில ஆளுநருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்புதலை நிறுத்தி வைக்கும் ஆளுநர் மசோதாவைப் பேரவைக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும், கையில் வைத்துக்கொண்டே கொல்ல முடியாது என்றது. அடுத்த சில நாட்களில் தமிழ்நாட்டு ஆளுநர், 2020 முதல் தேங்கியிருந்தவற்றில் 10 மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் தொடர்பானவை. நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் போட்டுப் பேரவை பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அதைச் சட்டவிரோதம் என்று சொல்லி, பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று அறிவித்தது. ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடுவும் வகுத்தது. ஆளுநரின் கையெழுத்து இல்லாமலேயே பத்துச் சட்டங்கள் தமிழ்நாடு அரசிதழில் வெளிவந்தன. இந்திய வரலாற்றில் இதற்கு முன் அப்படி நடந்ததில்லை. மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது தனிக் கதை.

குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்திடம் அனுப்பினார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது. அரசமைப்பில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுத முடியாது. தானாக ஒப்புதல் கிடைத்ததாக அறிவிப்பதும் கூடாது. ஆனால் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்தி வைக்கவும் முடியாது. நீண்டகாலம், காரணம் சொல்லாமல் முடிவே எடுக்காமல் இருந்தால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். எந்த முடிவு என்பதில் தலையிடாது.

இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. சட்ட வாதமாக அதில் வலு இருக்கிறது; அரசமைப்பைத் திருத்தும் வேலை நாடாளுமன்றத்துக்குரியது, இரண்டு நீதிபதிகளுக்குரியது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு மசோதாவுக்கும் மாநில அரசு டெல்லிக்குப் போய் வழக்காட வேண்டும் என்றால், அந்த வழக்கு நடக்கும் காலமும் தாமதத்தோடுதான் சேரும். பிரிவு 200இல் 6 வாரம் என்ற அந்தப் பழைய கெடுவைச் சேர்க்கும் அரசமைப்புத் திருத்தம்தான் சரியான மருந்து.

குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்படும் மசோதாக்களில் நிலைமை இன்னும் கடினம். பேரவை மறுபடி நிறைவேற்றினாலும் அவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்று பிரிவு 201 சொல்லவில்லை. நடைமுறையில் அது மத்திய அமைச்சரவையின் முடிவு. நீட் விலக்கு மசோதாவை 2021 செப்டம்பரில் பேரவை நிறைவேற்றியது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். ஒரே வாரத்தில் மறுபடி நிறைவேறியது. குடியரசுத் தலைவருக்குப் போனது. நிராகரிக்கப்பட்ட செய்தியை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் தெரிவித்தார். ஜல்லிக்கட்டை இதோடு வைத்துப் பாருங்கள். விலங்குவதை தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் நின்றிருந்தபோது, 21 அன்று அவசரச் சட்டம், 23 அன்று பேரவையில் மசோதா, 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். மனம் இருந்தால் 8 நாள் போதும்.

மறுபடி சூதாட்டச் சட்டத்துக்கு. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் அட்டவணையில் சேர்த்தது செல்லாது என்றது. சட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி, மீதியை நிற்க விடுவது நீதிமன்றங்கள் வழக்கமாகச் செய்வதுதான். ரம்மியைத் தடுக்க முடியாது, ஆனால் ஒழுங்குபடுத்தலாம் என்ற கதவு திறந்திருந்தது. சட்டத்தின் கீழ் அமைந்த தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது: நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஆடக் கூடாது, ஆதார் வழியாக ஆளைச் சரிபார்க்க வேண்டும். ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

இந்த ஒழுங்குமுறைகளை எந்த உறுப்பினரும் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் எலும்புக்கூடு மாதிரி. விதிகளும் அரசாணைகளும் அறிவிப்புகளும்தான் தசை. குடும்ப அட்டை, பட்டா, கட்டட அனுமதி என்று நாம் அன்றாடம் சந்திப்பவை பெரும்பாலும் இப்படி அதிகாரிகள் வகுத்த விதிகளே. அவற்றை அவையின் முன் வைக்க வேண்டும் என்று பல சட்டங்கள் சொல்கின்றன. வைக்கப்படுகின்றன, படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் உறுப்பினரைத்தான் காணோம். அக்கறை உள்ள ஓர் எம்.எல்.ஏ. நிறையச் செய்யக்கூடிய இடம் இது.

கடைசியாக டெல்லி. 2025 ஆகஸ்ட் 20 அன்று ஆன்லைன் விளையாட்டு மசோதா மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. 21 அன்று மாநிலங்களவை. 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே இல்லாமல், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களுக்கும் தடை. தமிழ்நாடு ஐந்து வருடம் போராடிய விஷயம் மூன்று நாளில் முடிந்தது. அந்த வேகம் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. எந்தக் குழுவுக்கும் போகாமல், மாநிலங்களைக் கேட்காமல், விவாதம் என்று சொல்லத்தக்க ஒன்று நடக்காமல் ஒரு தொழிலையே மூடும் சட்டம் வந்தது. மாநிலப் பட்டியலில் இருக்கும் சூதாட்டத்தில் நாடாளுமன்றம் கை வைக்கலாமா, இணையம் வழியாக நடப்பதால் அது மத்தியப் பட்டியலின் தகவல் தொடர்புக்குள் வந்துவிடுமா என்ற கேள்விகளோடு வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஒரு பக்கம் மசோதாவைக் கிடப்பில் போடும் பழக்கம், இன்னொரு பக்கம் படிக்கக்கூட நேரம் தராமல் நிறைவேற்றும் பழக்கம். இரண்டிலும் அடிபடுவது அவையின் வேலைதான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: தீர்மானம் சட்டம் ஆகாது. அது அவையின் கருத்து; ஆளுநரின் ஒப்புதல் அதற்குத் தேவையில்லை, யாரையும் அது கட்டுப்படுத்தவும் செய்யாது. 2023 ஏப்ரல் 10 அன்று காலக்கெடு கேட்டுப் போட்ட தீர்மானமும் அப்படித்தான். அரசமைப்பே தீர்மானத்துக்குச் சட்ட வலு கொடுத்திருக்கும் இடங்கள் சில உண்டு. மேலவையை உருவாக்குவதும் கலைப்பதும் அதில் ஒன்று: பிரிவு 169இன்படி பேரவை சிறப்புப் பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டால், அதை ஒட்டி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அப்படித்தான் நம் மேலவை கலைக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் கலைஞர் ஆட்சியில் மறுபடி வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நாடாளுமன்றம் அதே ஆண்டு சட்டமும் இயற்றிவிட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் புதிய பேரவை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. மேலவை அமையவே இல்லை.